ஒரு சொல்லின் ஏல விலை

மீசோதீலியோமா என்பது கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். அரிதான நோய். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இணைய விளம்பரச் சந்தையில் மிக அதிக விலைக்குப் போன சொற்களில் இந்த நோயின் பெயரும் ஒன்று. விலையை ஏற்றியவர்கள் வழக்கறிஞர்கள். கல்நாரைப் பயன்படுத்திய நிறுவனங்களிடமிருந்து பெறும் நட்டஈட்டில் கணிசமான பங்கு வழக்கு நடத்துபவருக்குப் போகும். அதனால் அந்தப் பெயரைத் தேடி வரும் ஒருவர் தங்கள் விளம்பரத்தை ஒருமுறை சொடுக்கினாலே போதும் என்று பத்துக்கணக்கான டாலர்கள் தர அவர்கள் போட்டியிட்டார்கள். பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்தது. அந்த நோயைப் பற்றி எதுவும் அறியாதவர்கள், அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் வலைத்தளங்களைக் கட்டினார்கள். செத்துக்கொண்டிருக்கும் ஒருவர் தகவல் தேடி அங்கே வந்தார். அவருக்குத் தகவல் கிடைத்ததோ இல்லையோ, தளத்துக்காரருக்குப் பணம் கிடைத்தது.

வலைத்தளம் தொடங்கிச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல துறையைத் தேர்ந்தெடுங்கள், விடாமல் எழுதுங்கள், தேடுபொறிக்கு ஏற்ற சொற்களைச் சேருங்கள், வருமானம் தானாக வரும் என்பார்கள். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் பணம் யாரிடமிருந்து, எதற்காக வருகிறது என்ற கேள்வியை யாரும் நின்று கேட்பதில்லை. விளம்பர வருமானம் அளப்பது ஒன்றைத்தான்: வாசிப்பவர் எதையாவது வாங்கும் முடிவுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார் என்பதை. எழுத்து நல்லதா, உண்மையா, ஒருவருக்கு உதவியதா என்பதை அளக்க அதனிடம் கருவி கிடையாது. வலைத்தளங்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் செழித்ததற்கும் சரிந்ததற்கும் பெரும் காரணம் இதுதான் என்பது என் வாதம்.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1994 அக்டோபர் 27 அன்று ‘வயர்டு’ இதழின் இணையப் பிரிவான ஹாட்வயர்டு தன் பக்கத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரத்தை வெளியிட்டது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைச் சொடுக்கினார்கள் என்று அதில் ஈடுபட்டவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். இன்று நூற்றில் ஒருவர் சொடுக்கினாலே பெரிய விஷயம். அந்த முதல் விளம்பரம் அச்சு இதழில் இடம் விற்பதைப் போலவே விற்கப்பட்டது. இத்தனை நாளுக்கு, இந்த இடத்துக்கு, இவ்வளவு பணம். விலை சொன்னவர்கள் தளத்தை நடத்தியவர்கள். தங்கள் வாசகர்கள் யார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளம்பரதாரரிடம் பேசி விலையை உயர்த்த அவர்களால் முடிந்தது.

இதை மாற்றியவர் பில் கிராஸ். கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ஐடியாலேப் என்ற நிறுவனத்தை நடத்தியவர். 1998இல் அவர் தொடங்கிய கோடு டாட் காம் (GoTo.com) தேடுபொறியில், ஒவ்வொரு சொல்லுக்கும் யார் அதிகம் தருகிறாரோ அவருடைய தளம் மேலே வரும். சொடுக்கினால்தான் காசு. ஒவ்வொருவரும் எவ்வளவு தர ஒப்புக்கொண்டார்கள் என்பதைத் தேடியவர் கண்முன்னே காட்டியதும் அந்தத் தளத்தின் சிறப்பு. கூச்சமில்லாத நேர்மை என்று அதைச் சொல்லலாம். கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கி, 2002இல் ஏல முறைக்கு வந்தது. ஏலத் தொகையோடு, விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்ற கணிப்பையும் பெருக்கி இடம் ஒதுக்கியது கூகுளின் பங்களிப்பு. கோடு டாட் காம், ஓவர்சர் என்று பெயர் மாறி, 2003இல் யாஹூவிடம் சுமார் 160 கோடி டாலருக்கு விலைபோனது.

2003 வலைப்பதிவு எழுதுபவர்களுக்கு முக்கியமான ஆண்டு. பிப்ரவரியில் பிளாகர் சேவையை நடத்திய பைரா லேப்ஸ் நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. ஏப்ரலில் அப்ளைடு செமாண்டிக்ஸ் என்ற நிறுவனத்தை 10.2 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பக்கத்தில் உள்ள எழுத்து எதைப் பற்றியது என்று இயந்திரமே படித்துக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் அவர்களிடம் இருந்தது. ஜூனில் ஆட்சென்ஸ் வந்தது. அதுவரை சின்னஞ்சிறு தளத்துக்கு விளம்பரம் பிடிக்க ஆளும் இல்லை, வழியும் இல்லை. இப்போது சில வரிக் குறிநிரலை ஒட்டினால் போதும். தோட்டம் வளர்ப்பதைப் பற்றி எழுதுபவர் பக்கத்தில் உரமும் விதையும், கேமரா பற்றி எழுதுபவர் பக்கத்தில் லென்சும் தாமாக வந்து உட்கார்ந்தன. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து ரகசிய எண் தாங்கிய கடிதம் தபாலில் வரும். அதை உள்ளிட்டு முகவரியை உறுதிசெய்த பிறகு, நூறு டாலர் சேர்ந்தால் பணம் கிடைக்கும். அந்தக் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது எழுத்தாளர் என்ற முதல் அங்கீகாரம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரின் தயவும் இல்லாமல் எழுதிய ஒருவருக்கு, எழுத்தின் பெயரால் பணம் வந்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் நிலம் யாருடையது? மேல்வாரம் எவ்வளவு, குடிவாரம் எவ்வளவு என்று தெரியாமலே உழுதவர்கள் வலைப்பதிவர்கள். விளம்பரதாரர் தரும் தொகையில் 68 சதவீதம் தளத்துக்குப் போகிறது என்பதைக் கூகுள் 2010 மே மாதத்தில்தான் வெளியே சொன்னது. ஏழு ஆண்டுகள் அந்த விகிதம் தெரியாமலே கணக்குத் தீர்க்கப்பட்டது. விலையும் தளத்துக்காரர் கையில் இல்லை. ஒரு பக்கம் திறக்கும் அந்த நொடிக்குள் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. யார் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா அளித்த தீர்ப்பு, தளங்களுக்கான விளம்பரக் கருவிச் சந்தையிலும் விளம்பரப் பரிமாற்றச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்றது. தளத்துக்காரர்கள் நெடுங்காலம் சந்தேகப்பட்டதை நீதிமன்றம் எழுதி வைத்தது.

சொல்லுக்குச் சொல் விலை மாறினால் எழுதுபவர் என்ன செய்வார்? விலை அதிகமான சொல்லை எழுதுவார். வேர்ட்ஸ்ட்ரீம் என்ற விளம்பர ஆலோசனை நிறுவனம் 2011இல் வெளியிட்ட பட்டியலில் காப்பீடு முதலிடம் பிடித்தது. அந்த வகையில் உச்ச விலை ஒரு சொடுக்குக்குச் சுமார் 55 டாலர். கடன், வீட்டுக் கடன், வழக்கறிஞர் என்று பட்டியல் நீண்டது. கவிதை, வரலாறு, பறவை பார்ப்பது ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இந்தத் தர்க்கத்தைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோன நிறுவனம் டிமாண்ட் மீடியா. 2006இல் தொடங்கியது. மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் என்ன தருகிறார், போட்டிக்கு எத்தனை பக்கங்கள் உள்ளன என்று மூன்றையும் கணக்கிட்டு, எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்பதை மென்பொருளே முடிவுசெய்தது. எழுதுபவருக்குக் கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் கூலி. ஆராய்ச்சி செய்ய நேரம் எடுத்தால் கூலி கட்டுப்படியாகாது. ஆகவே யாரும் நேரம் எடுக்கவில்லை. 2011 ஜனவரியில் பங்குச்சந்தைக்கு வந்தபோது இந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பை விஞ்சியது.

அடுத்த மாதமே, 2011 பிப்ரவரி இறுதியில், கூகுள் தன் தேடல் வரிசையை மாற்றியமைத்தது. பாண்டா என்று அறியப்பட்ட அந்த மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் சுமார் 12 சதவீதத்தைப் பாதித்தது. மேலோட்டமான பக்கங்களைக் குவித்த தளங்கள் கீழே தள்ளப்பட்டன. டிமாண்ட் மீடியா முதலில் தப்பியது போலத் தெரிந்தாலும் ஏப்ரலில் வந்த அடுத்த சுற்றில் அடி வாங்கியது. பழைய உயரத்தை அது பிறகு எட்டவேயில்லை. கூகுள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தக் குப்பையை ஊக்குவித்த பணமும் பெருமளவு கூகுளின் விளம்பர ஏலத்திலிருந்தே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கை விதைத்ததை இன்னொரு கை பிடுங்கியது. நடுவில் நேர்மையாக எழுதிய எத்தனையோ சிறு தளங்களும் வரிசையில் இறங்கின. ஏன் இறங்கினோம் என்று கேட்க அவர்களுக்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

விளம்பரத்தை நம்பாமல், பொருளைப் பரிந்துரைத்து விற்பனையில் கமிஷன் பெறும் வழி விளம்பர ஏலத்தைவிடப் பழையது. அமேசான் 1996இலேயே இதைத் தொடங்கியது. இந்த வழியில் மதிக்கத்தக்க ஒரு தளம் உருவானது: வயர்கட்டர். கிஸ்மோடோ தளத்தின் ஆசிரியராக இருந்த பிரையன் லாம், ஓயாத செய்தி ஓட்டத்தில் சலித்து ஹவாய்க்குப் போய், 2011இல் அதைத் தொடங்கினார். தினமும் பத்துப் பதிவு போடுவதற்கு மாறாக, ஒரு பொருளை வாரக்கணக்கில் சோதித்து, பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்று ஒன்றைச் சொல்வது அவர்கள் முறை. நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் 2016இல் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே வருமானமும் வாசகர் நலனும் ஒரே திசையில் போயின. தவறான பொருளைச் சொன்னால் வாசகர் திருப்பி அனுப்புவார், கமிஷனும் போகும், மறுமுறை அவர் வரவும் மாட்டார். விளம்பர ஏலத்தில் இல்லாத ஒரு கடிவாளம் இது.

ஆனால் கடிவாளத்தின் மறுமுனை அமேசான் கையில் இருந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அறைகலன், வீட்டு மேம்பாட்டுப் பொருட்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக அது குறைத்தது. மளிகைக்கு 5 சதவீதம் 1 சதவீதமானது. அந்தத் துறைகளில் தளம் நடத்தியவர்களின் வருமானம், வாசகர் எண்ணிக்கை குறையாமலே, ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே இறங்கியது.

மூன்றாவது வழி வாசகரிடமே கேட்பது. எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குப் போட்டார். ஓர் ஆண்டில் நூறு டாலர் தரத் தயாராக இருக்கும் ஆயிரம் உண்மையான வாசகர்கள் போதும், ஒருவர் படைப்பாளியாக வாழலாம் என்பது அந்தக் கணக்கு. அதை நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் பென் தாம்ப்சன். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர். தைவானின் தைபேயிலிருந்து தொழில்நுட்ப நிறுவனங்களின் வணிக உத்திகளைப் பற்றி ஸ்ட்ராடெக்கெரி என்ற தளத்தில் 2013இல் எழுதத் தொடங்கினார். 2014இல் சந்தா முறைக்கு வந்தார். வாரம் ஒரு கட்டுரை எல்லோருக்கும் இலவசம், தினசரி ஆய்வு சந்தாதாரர்களுக்கு மட்டும். அப்போது மாதம் பத்து டாலர். தனி ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பும் எழுத்து ஒரு முழுத் தொழிலாக முடியும் என்பதற்கு அவர் முன்மாதிரியானார். 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக், அந்த ஏற்பாட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி தந்தது. சந்தாவில் 10 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை எழுத்தாளர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம் என்று அனுமதித்தது. அந்த அனுமதியைத்தான் அதன் மிகப் பெரிய கொடையாக நான் மதிக்கிறேன்.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஆண்ட்ரூ சல்லிவன் 2013 தொடக்கத்தில் தன் ‘த டிஷ்’ வலைப்பதிவைப் பெரிய ஊடக நிறுவனத்திலிருந்து பிரித்து, ஆண்டுக்கு 19.99 டாலர் சந்தாவில் தனியே நடத்தத் தொடங்கினார். முதல் நாளிலேயே மூன்று லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. சந்தாதாரர்கள் சுமார் 30,000 பேரானார்கள். 2015 பிப்ரவரியில் அவர் அதை நிறுத்திவிட்டார். வாசகர் குறையவில்லை, பணம் தீரவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் எழுதியதில் உடல் ஒத்துழைக்கவில்லை. வாசகர் நேரடியாகப் பணம் தரும்போது எழுத்தாளர் விடுமுறை எடுக்கவும் தயங்குகிறார். வருமான வழிகாட்டிகள் இதைப் பேசுவதே இல்லை.

தமிழுக்கு வருவோம். 2003, 2004 வாக்கில் ஒருங்குறி எழுத்துரு பரவி, தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, எங்கோ தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் கூட்டிக் காட்டியது. தேடுபொறி கொண்டுவந்த வாசகரைவிட, அந்தப் பக்கத்தில் பெயரைப் பார்த்து வந்த வாசகர்களே அன்றைய பதிவர்களுக்கு முக்கியம். ஆனால் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. ஏற்கப்படாத மொழியில் முதன்மையாக எழுதப்பட்ட பக்கங்களில் அந்த விளம்பரங்களைப் போடக் கூகுளின் விதி இடம் தரவில்லை. ஆக, தமிழ் வலைப்பதிவின் பொற்காலம் முழுவதும் அந்தக் கதவு மூடியே இருந்தது. அது திறந்தபோது எழுதிய பலர் ஏற்கெனவே ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இதில் இழப்பும் உண்டு, லாபமும் உண்டு. தேடல் சொல்லை வைத்து எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாததால் அந்தக் காலத்துப் பதிவுகளில் ஊர், உணவு, தொழில், சினிமா, சண்டை எல்லாம் எழுதியவர் குரலிலேயே இருக்கின்றன. இன்று தேடினால் மேலே வரும் பல தமிழ்ப் பக்கங்களில் அந்தக் குரலைக் காண்பது அரிது. மறுபுறம், மாதம் சில ஆயிரம் ரூபாய் வந்திருந்தால் எழுதுவதை விடாமல் இருந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 2018க்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் விளம்பரதாரர். அமெரிக்க வாசகரை அடையக் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகையைத் தமிழில் படிப்பவருக்கு யாரும் தருவதில்லை. வாசகர் ஆழமாகப் படித்தாலும் ஏலத்தில் அவர் மலிவான வாசகர்தான்.

சரி, வாசகரிடமே சந்தா கேட்கலாம் என்றால் அங்கே பணம் போகும் வழி அடைபட்டிருக்கிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, கார்டில் மாதாமாதம் தாமாகக் கழிந்துகொண்டிருந்த வெளிநாட்டுச் சந்தாக்கள் பல அறுந்தன. சப்ஸ்டாக் பணம் பெறுவதற்கு நம்பியிருக்கும் ஸ்ட்ரைப் நிறுவனம் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே திறக்கும் நிலைக்கு 2024இல் போனது. இலங்கையில் நெடுங்காலம் பேபாலில் பணம் அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் ஒருவருக்கு டொரன்டோ வாசகர் மாதம் ஐந்து டாலர் தர விரும்பினாலும், அந்த ஐந்து டாலர் போய்ச் சேர நேர்வழி இருக்கவில்லை. கெவின் கெல்லியின் கணக்கைத் தமிழுக்குப் போட்டால், ஆயிரம் பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் தந்தால் பத்து லட்சம். எட்டாத கனவு இல்லை. உலகெங்கும் பரவிய தமிழ் வாசகர்களில் ஆயிரம் பேர் சிறிய எண்ணிக்கைதான். யுபிஐ இந்தியாவுக்குள் இதை எளிதாக்கியிருக்கிறது. கடலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அது இன்னும் அவ்வளவு எளிதாகவில்லை.

ஆகவே தமிழில் தளத்தை வருமானமாகக் கருதாமல் வாசகரைச் சேர்க்கும் இடமாகக் கருதியவர்களே நிலைத்தார்கள். ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். 26 நாவல்கள். அவை அச்சு நூல்களாகவும் வந்தன. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குவார்களா என்ற கேள்விக்கு அந்த வாசகர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். எல்லோராலும் நாள்தோறும் எழுத முடியாது, அது வேறு விஷயம். ஆனால் வாசகர் ஒரு சொல்லைத் தேடி வராமல் ஒரு பெயரைத் தேடி வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு இப்போது இன்னும் கூர்மையாகிவிட்டது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளின் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. ஆகஸ்டில் அது இந்தியாவுக்கு வந்தது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் சுமார் 900 அமெரிக்கர்களின் தேடல்களை ஆராய்ந்தது. சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் ஏதாவது ஒரு தளத்தின் இணைப்பைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இருந்தபோது அது 8 சதவீதமானது. சுருக்கத்துக்குள்ளேயே தரப்பட்ட மூல இணைப்பைத் தொட்டது 1 சதவீதத் தேடல்களில்தான். சொல்லைத் தேடி வரும் வாசகரை நம்பிக் கட்டப்பட்ட தளங்களுக்கு இது வருமானத்தில் பாதியை வெட்டும் செய்தி. அந்தச் சுருக்கம் எழுதப்பட்டது அதே தளங்களின் எழுத்தைப் படித்துத்தான் என்பது வேதனையைக் கூட்டுகிறது.

எழுத்தைப் படிக்க வரும் இயந்திரத்திடமே விலை கேட்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. இணையத்தின் போக்குவரத்தில் கணிசமான பங்கைக் கையாளும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலை 1 அன்று, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் படிப்பான்களைத் தடுக்கவும், ஒவ்வொரு முறை படிப்பதற்கும் தளத்துக்காரரே தொகை குறிக்கவும் ஏற்பாடு அறிவித்தது. பணம் தராத படிப்பானுக்கு 402 என்ற பதில் போகும். பணம் தேவை என்பதற்காக 1990களிலேயே இணைய நெறிமுறையில் ஒதுக்கி வைத்து, கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்தாமல் விட்ட எண் அது. ஹாட்வயர்டுக்குப் பிறகு விலை சொல்லும் உரிமை தளத்துக்காரரிடம் திரும்பி வருவதற்கான ஒரு வாய்ப்பு இதில் தெரிகிறது. ஆனால் தனியாக நிற்கும் ஒரு தமிழ்த் தளம் விலை குறித்தால், அந்த நிறுவனங்கள் அதைத் தாண்டிப் போய்விடும். பத்துத் தளங்கள் குறித்தாலும் அப்படித்தான். தமிழில் ஒழுங்காக எழுதப்பட்ட உரைநடை இணையத்தில் குறைவாகவே இருக்கிறது. இலக்கிய இதழ்கள், பழைய வலைப்பதிவுகள், தனி எழுத்தாளர்களின் தளங்கள் எல்லாம் ஒரே அமைப்பாகச் சேர்ந்து விலை பேசினால் அந்தக் குறைவே அவற்றின் பலமாகும். தமிழ்மணம் வாசகருக்காகச் செய்த திரட்டலை இப்போது பேரம் பேசுவதற்காகச் செய்ய வேண்டும். எழுதியவர்களின் ஒப்புதல் பட்டியல், எந்தப் பதிவு யாருடையது என்ற கணக்கு, வரும் தொகையைப் பிரிக்கும் விகிதம் ஆகிய மூன்றும் இதற்கு முதலில் வேண்டும். விகிதத்தை முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும்.